எடுத்தவர் சீட்டு

கடலுக்கு நினைவு கிடையாது. மனிதன் குனிந்து எடுத்துக்கொண்ட எதையும் அது இன்றுவரை திருப்பிக் கேட்டதில்லை. இனி வரப்போகும் ஐம்பது கோடி ஆண்டுகளிலும் கேட்கப்போவதில்லை. இந்தப் பேருண்மையைக் கல்லூரி அருங்காட்சியகத்தின் உதவிக் காப்பாளன், பஸ்ஸின் கடைசி இருக்கையில் அக்காவின் துணிப்பைக்கும் அத்தானின் தோளுக்கும் நடுவில் நசுங்கியபடி, உலகத்துக்கு அறிவித்தான். உலகத்தின் சார்பில் அத்தான் கேட்டுக்கொண்டார்.

“ஒருவேளை கேட்டுச்சுன்னா என்ன பண்றது மாப்ளே?”

“கேக்காது அத்தான். அதுக்குக் காதா இருக்கு? தண்ணியும் உப்பும், அவ்வளவுதான் கடல்.”

“லிஃப்டும்தான் இரும்பும் கம்பியும். ஆனா நான் லீவு போடுற அன்னைக்கு மட்டும் கரெக்டா நின்னுடுது. அதுக்கு யார் போய்ச் சொல்றாங்கன்னு இருபது வருஷமா பாக்குறேன், கண்டுபிடிக்க முடியலை.” அத்தான் லிஃப்ட் மெக்கானிக்.

“ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடிட்டு வாங்க. எனக்கு வாந்தி வருது” என்றாள் அக்கா. கடலைப் பற்றிய விவாதம் அத்துடன் முடிந்தது.

கல்லூரியில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘சீட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். நிலவியல் துறையின் அருங்காட்சியகம் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால், பதினோரு படி இறங்கிப் போக வேண்டிய அறை. இரும்பு அலமாரிகளில் நூற்று நாற்பது இழுப்பறைகள். அவற்றில் புதைபடிவங்கள், அதாவது, என்றைக்கோ செத்து, சேற்றில் புதைந்து, பொறுமையாகக் கல்லாகிப்போன உயிர்கள். ஒவ்வொன்றுக்கும் அதன் அளவுக்கே வெட்டிய ஒரு பஞ்சுக் குழி. யார் எதை எடுத்தாலும் அந்தக் குழியில் ஒரு சீட்டு வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்: எடுத்தவர் பெயர், தேதி. குழி சும்மா இருக்கக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். ஒருமுறை துறைத்தலைவரே ஒரு சுறாப்பல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். இவன் வகுப்பு வாசலில் சீட்டும் பேனாவுமாக முக்கால் மணி நேரம் நின்றான். “என் பட்டனையோ பேனா மூடியையோ வச்சுக்கயேன்பா, அடையாளத்துக்கு” என்று அவர் கெஞ்சியும் பார்த்தார். பெயர் இல்லாமல் எதுவும் செல்லாது என்று சொல்லிவிட்டான். பெயர் வாங்கி வந்து குழியில் வைத்து இழுப்பறையை மூடிய பிறகுதான் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கியது. அந்த இழுப்பறைகள் மூடும்போது முதலில் நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுக்கும், அப்புறம், ‘டொக்’. எழுபத்து மூன்றாம் இழுப்பறைக்கு மட்டும் கொஞ்சம் கோபம் அதிகம். ஒருநாள் அதன் தகர மூலை அவன் இடது காதின் மடலைக் கிழித்துவிட்டது. பல்லி கடித்த மாதிரி ஒரு சின்ன வெட்டு இன்னமும் அங்கே இருக்கிறது.

அத்தனை கற்களுக்கும் அறிமுகச் சீட்டு எழுதியதும் அவன்தான். கடுகு கடுகாக, அழகான கையெழுத்து. எண், கல்லின் பெயர், கிடைத்த இடம், கடைசியாக நாலாவது வரி: கண்டெடுத்தவர். பதினோரு வருடத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பேரின் புகழை அவன் கையால் எழுதியிருக்கிறான். அதில் ஒன்றில்கூட அவன் பெயர் இல்லை. இப்போது வாசலருகே புதிதாக ஒரு கண்ணாடிப் பெட்டி வந்திருக்கிறது. உருப்படியாக ஏதாவது கொண்டுவந்தால் நடுவில் வைக்கலாம் என்று துறைத்தலைவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அக்காவோடு இந்தக் கடற்கரைக்கு அவன் புறப்பட்டது அந்த நாலாவது வரிக்காகத்தான். அக்கா புறப்பட்டது சிப்பிக்காக. அவள் தையற்கடை வைத்திருந்தாள். ஓட்டை விழுந்த சிப்பிகளைத் திரைச்சீலையின் ஓரத்தில் கோத்துத் தைத்தால் வாடிக்கைக்காரர்கள் மயங்கிவிடுவார்கள் என்று கணித்திருந்தாள். அத்தான் புறப்பட்டது, அக்கா சொன்னதால்.

விடுதி, கடலைப் பார்த்து நின்ற ஒரு பழைய மாடிவீடு. வாசலில் செருப்பு ஸ்டாண்டு. அதன் மேல்தட்டில் ஐந்து ஜோடிச் செருப்புகள் தூசு மூடிக் கிடந்தன. பக்கத்து ஆணியில் ஒரு குடை, ஒரு ஸ்வெட்டர். மாடிப்படிக்கு அடியில் இரண்டு பெட்டிகள்.

“இதெல்லாம் யாரோடதும்மா?” என்று சீட்டு கேட்டான். அடுக்கி வைக்காத பொருளைப் பார்த்தால் அவனுக்குக் கை அரிக்கும்.

“யாரோ விட்டுட்டுப் போனது” என்றார் விடுதிக்காரம்மா. ஐம்பது வயதிருக்கும், பேசும்போதே கையிலிருந்த சாவிக்கொத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சு பேர் வெறுங்காலோடயா ஊருக்குப் போனாங்க?”

“போயிருப்பாங்க. யோசிச்சுப் பாக்குறேன், ஒரு முகம்கூட ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது தம்பி.”

“ஆளாளுக்கு ஒரு சீட்டு எழுதி ஒட்டி வச்சா இந்தக் குழப்பமே வராது” என்று இலவசமாக ஆலோசனை சொல்லிவிட்டு, பதிவேட்டில் அக்காவின் பெயருக்கும் அத்தானின் பெயருக்கும் நடுவில் தன் பெயரைக் கடுகெழுத்தில் எழுதினான்.

தேநீர் கொண்டுவரும்போது விடுதிக்காரம்மா விதியைச் சொன்னார். கரையில் களிமண் மேடு ஒன்று இருக்கிறது. அங்கேதான் கல் சங்குகள் கிடைக்கும். எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் எடுத்த குழியில் தன் பொருள் ஒன்றை வைத்துவிட வேண்டும், அடுத்த தண்ணீர் ஏறுவதற்குள். “வச்சுட்டு, ‘எடுத்துட்டேன், வச்சுட்டேன்’னு சொல்லணும். மனசுக்குள்ள சொன்னா ஆகாது, வாய்விட்டுச் சொல்லணும்.”

“யார்கிட்ட?”

“குழிகிட்டதான்.”

சீட்டுக்கு மூக்கில் தேநீர் ஏறிவிட்டது. அக்கா அவன் முதுகில் இரண்டு வைத்தாள். இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விசாரணை அதிகாரியின் தோரணையில் கேட்டான்: “சரி, வைக்காம போனா என்ன ஆகும்?”

விடுதிக்காரம்மா சாவியைத் துடைப்பதை நிறுத்தி, நிஜமாகவே யோசித்தார். “தெரியலையே. வைக்காம போனவங்கன்னு யாரையும் எனக்கு ஞாபகம் இல்லை.”

“பாத்தீங்களா அத்தான்! இத்தனை வருஷத்துல ஒரு கேஸ்கூடக் கிடையாது” என்றான் சீட்டு. அறிவியல் வென்றுவிட்டது.

மறுநாள் காலை தண்ணீர் இறங்கியிருந்த நேரத்தில் மூவரும் கரைக்குப் போனார்கள். வெயில் இருந்தது, ஆனால் வெள்ளைத் துணியில் வடிகட்டியதுபோல மங்கலான வெயில். இரண்டு ஆள் உயரத்துக்குச் சாம்பல் நீலத்தில் களிமண் மேடு, கடலுக்கு முதுகைக் காட்டாமல் நிமிர்ந்து நின்றது. அதன் முகமெங்கும் சின்னச் சின்னக் குழிகள். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு குழிக்குள்ளும் ஏதோ இருந்தது: ஒரு சாவி, ஒரு ஊக்கு, மூக்குக்கண்ணாடியின் ஒற்றைக் காது, பொம்மைக் காரின் சக்கரம். களிமண் அவற்றைப் பாதி விழுங்கி, பாதியை வெளியே விட்டிருந்தது.

அக்கா ஒவ்வொரு சிப்பிக்கும் ஒரு பட்டன் வைத்தாள். தையற்காரி, கைப்பையில் எப்போதும் ஒரு டப்பா பட்டன் இருக்கும். மேட்டில் எடுத்தது, மணலில் எடுத்தது என்ற வித்தியாசமெல்லாம் பார்க்கவில்லை. வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும், பஸ் கண்டக்டரிடம் இறங்குமிடம் சொல்வதுபோல, “எடுத்துட்டேன், வச்சுட்டேன்!” என்று கூவினாள். அத்தான் ஒரு சின்னக் கல் நத்தையை எடுத்துக்கொண்டு, கால்சட்டைப் பையிலிருந்த ஒரு நட்டை வைத்தார், கூச்சத்தோடு முணுமுணுத்தார்.

“ஏன்கா, கடலுக்குச் சட்டை தைக்கப்போறியா? காஜா எடுக்க மறந்துடாத” என்றான் சீட்டு.

“என் பட்டன், என் வாய். உனக்கு எங்கடா வலிக்குது?”

அப்போதுதான் அவன் அதைக் கண்டான். மேட்டில், அவன் முகத்துக்கு நேரே, கல் சங்கின் ஒரு வளைவு களிமண்ணுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. கத்தியால் சுற்றிலும் கீறி, தூரிகையால் தடவி, ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தான். கடைசியில், ஈரமான உதடு பிரிவதுபோல ஒரு சத்தத்தோடு அது கையில் வந்து விழுந்தது. ஆட்டுக்கொம்பாகச் சுருண்ட, உள்ளங்கை அளவு கல் சங்கு. சுருளின் நடுப்புள்ளி முதல் வாய்வரை ஒரு கீறல் இல்லை. மேட்டில் அது இருந்த குழி, சுருளும் வரிகளும் அச்சாகப் பதிந்து, பஞ்சுக் குழியைவிடக் கச்சிதமாக இருந்தது.

“ஒரு பட்டன் தரட்டுமாடா?” அக்கா டப்பாவைத் திறந்தாள். “ஒண்ணே ஒண்ணுதானே. வச்சுட்டு வா.”

“அக்கா, நான் படிச்சவன்.”

“நீ படிச்ச லட்சணம்தான் தெரியுமே. வைடா.”

அவன் வைக்கவில்லை. குழியின் முன்னால், நாடக மேடையில் போலக் குனிந்து வணங்கினான். “எடுத்துட்டேன்! வைக்கலை! இப்ப என்ன பண்ணுவே?” என்றான். அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. குழி ஒன்றும் பண்ணவில்லை. சீட்டு அங்கேயே ஒரு பாறைமேல் உட்கார்ந்து அறிமுகச் சீட்டு எழுதினான். நாலாவது வரிக்கு வந்ததும் பேனாவை உதறி, மை சரியாக இறங்குகிறதா என்று நகத்தில் கீறிப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் முழுப்பெயரை அந்த வரியில் எழுதினான். எழுத்து சற்றுப் பெரிதாகவே வந்துவிட்டது.

மதியம் மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன.

“அடடே, மன்னிச்சுக்குங்க தம்பி” என்று விடுதிக்காரம்மா ஓடிப்போய் மூன்றாவதைக் கொண்டுவந்தார். சீட்டுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கல்லூரி ஆண்டு விழாக்களில் அவனுக்கு நாற்காலி இருந்ததே இல்லை. கவனிக்கப்படாமல் இருப்பதில் பதினோரு வருட அனுபவம் உள்ளவனிடம், புதிதாக யாரோ கவனிக்காமல் இருக்க ஆரம்பித்தால், அவனுக்கு அது எப்படித் தெரியும்?

சாயங்காலம் மூவரும் மணலில் வரிசையாக நடந்தார்கள். இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் அத்தான், நடுவில் அவன், சங்கின் அருமையை விளக்கியபடி. திரும்பி வரும்போது தங்கள் காலடித் தடங்களைப் பார்த்தான். இரண்டு வரிசைகள் இருந்தன. நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. ஈர மணல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அமுங்காது என்று தனக்குத்தானே பாடம் நடத்திக்கொண்டான். பாடம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விடுதி வரும்வரை அவன் மறுபடி கீழே பார்க்கவில்லை.

அறைக்குப் போனால் அத்தான் மூன்றாவது கட்டிலை மடித்துச் சுவரோரமாகச் சாய்த்துக்கொண்டிருந்தார். “இது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?”

“அப்ப நான் எங்க படுக்குறது அத்தான்? கூரையிலயா?”

அத்தான் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். லிஃப்டுக்குள் ஏறி வரும் தெரியாத ஆளிடம், எந்த மாடி என்று கேட்பதற்கு முன்னால் காட்டுவோமே, அந்த மரியாதையான பார்வை. பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஐயோ மாப்ளே! என்னமோ ஞாபகத்துல... வயசாகுதுடா எனக்கு.” இரண்டு பேரும் சிரித்தார்கள். கட்டிலை மறுபடி விரிக்கும்போது அத்தானின் கை மெதுவாக, யோசித்து யோசித்து வேலை செய்தது.

மூன்றாம் நாள் காலை அவனுக்குத் தேநீரே வரவில்லை. கேட்கலாமென்று கீழே இறங்கினான். விடுதிக்காரம்மா அங்கே இல்லை. பதிவேடு திறந்து கிடந்தது. அக்காவின் பெயர் இருந்தது. அத்தானின் பெயர் இருந்தது. நடுவில் ஒரு வரி வெறுமையாக இருந்தது. அழித்த தடமோ மை கரைந்த தடமோ இல்லை. யாரோ வரப்போகிறார்கள் என்று விட்டு வைத்ததுபோல, சுத்தமான, நீளமான வெள்ளை.

சீட்டு வாசலுக்கு வந்து, துறைத்தலைவருக்குப் போன் போட்டான். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் யார் பேசினாலும் பிடிக்காது. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, தெரிந்தவன் என்று திட்டினால் போதும் என்றிருந்தது.

“யாரு?”

“நான்தான் சார். மியூசியத்துலேருந்து. சீட்டு.”

“எந்தச் சீட்டு? மியூசியத்துல ஆளே கிடையாதே. பதினோரு வருஷமா அந்த போஸ்ட் காலியாத்தான் கிடக்கு. ஆள் போடுங்கன்னு நானும் எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு. நீங்க மேலிடத்துலேருந்து பேசுறீங்களா?”

இது கடலின் வேலையா அலுவலகத்தின் வேலையா என்று பிரித்துச் சொல்ல அவனால் முடியவில்லை. வழக்கமான நாட்களில்கூட அவர் இப்படிப் பேசக்கூடியவர்தான். போனை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினான்.

அக்கா கட்டில்மேல் துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினோரு மணி பஸ். கையில் அவனுடைய கட்டம்போட்ட சட்டை. “இது யாரோடதுங்க? அளவு உங்களுதும் இல்லையே.”

“முன்னாடி தங்கினவங்க விட்டுட்டுப் போனதா இருக்கும்” என்றார் அத்தான்.

“அக்கா” என்றான் அவன்.

அவள் திரும்பினாள். சட்டை கையில் இருக்க, மெல்ல எழுந்து நின்றாள். “வாங்க. நீங்க எந்த ரூம்ங்க? இந்தச் சட்டை உங்களோடதா?”

முப்பத்து நாலு வருடத்தில் அக்கா அவனுக்குக் கொடுத்த முதல் மரியாதை அது. எருமை, தடியன், தண்டம் என்று அவள் கூப்பிடாத பெயர் இல்லை; ஒருநாளும் ‘நீங்க’ என்று கூப்பிட்டதில்லை.

“அக்கா, விளையாடாத. இங்க பாரு.” வலது ஆள்காட்டி விரலை நீட்டினான். “ஆறு வயசுல உன் தையல் மிஷினுக்குள்ள கையை விட்டேனே. ஊசி நகத்தைத் துளைச்சு அந்தப் பக்கம் வந்துச்சே. என்னைத் தூக்கிக்கிட்டு செருப்புகூடப் போடாம ஆஸ்பத்திரிக்கு ஓடினியே!”

அக்கா அந்த விரலை வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, தழும்பைப் பார்த்தாள். அவள் முகத்தில் வருத்தம் இருந்தது. யாருக்கு நடந்தாலும் படக்கூடிய வருத்தம். “ஐயோ பாவம். மிஷின் ஊசி ரொம்ப ஆபத்துங்க. நல்லவேளை, எங்க வீட்ல சின்னப் புள்ளைங்கன்னு யாரும் இல்லை. நான் ஒரே பொண்ணு.”

“சார், ஏதாவது உதவி வேணுமா?” என்று அத்தான் இருவருக்கும் நடுவில், சண்டையில்லாமல், ஆனால் உறுதியாக வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து பஸ் டிக்கெட் எட்டிப் பார்த்தது. இரண்டு.

அவன் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினான். வாசலில் தன் செருப்பைத் தேடினான். நேற்று கீழ்த்தட்டில் கழற்றிவிட்டது. அது இப்போது மேல்தட்டில், ஐந்து ஜோடிகளுக்குப் பக்கத்தில் ஆறாவதாக இருந்தது. தொட்டுப் பார்த்தான். விரலில் தூசு ஒட்டியது. ஒரு நாளில் சேரக்கூடிய தூசு அல்ல அது. அருங்காட்சியகத்தில் வருடக்கணக்காகத் தூசு துடைத்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் வெறுங்காலோடு கரைக்கு ஓடினான்.

தண்ணீர் இறங்கியிருந்தது. மேட்டின் முகத்தில் எல்லாக் குழிகளும் தங்கள் சாவிகளையும் ஊக்குகளையும் பட்டன்களையும் பிடித்துக்கொண்டு அமைதியாக இருந்தன. அவன் குழி மட்டும் திறந்திருந்தது. நேற்றைவிட ஆழமாக.

முதலில் கல்லையே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தான். சங்கை எடுத்துக் குழியில் பொருத்தினான். பொருந்தவில்லை. திருப்பிப் பார்த்தான், சாய்த்துப் பார்த்தான். அதே குழி, அதே கல். உள்ளே வளைவு வேறாகியிருந்தது. பையில் அச்செடுக்கும் களிமண் இருந்தது. குழியின் வடிவத்தைப் பார்க்க அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஓர் உருண்டையை எடுத்துப் பிசைந்து, குழிக்குள் அழுத்தி, நூறு எண்ணி, மெதுவாக உரித்து எடுத்தான்.

உள்ளங்கையில் ஒரு காது இருந்தது.

இடது காது. வெளிவிளிம்பு, உள்மடிப்பு, கீழே மடல். மடலில், பல்லி கடித்த மாதிரி, ஒரு சின்ன வெட்டு.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே தன் இடது காதைத் தடவிப் பார்த்தான். அது அங்கேதான் இருந்தது, இப்போதைக்கு. காதோடு அது நின்றுவிடாது என்பதைச் சொல்ல நிலவியல் பட்டம் தேவைப்படவில்லை. மேட்டில் இடம் நிறைய இருந்தது.

சாலைப் பக்கத்திலிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சட்டைப் பட்டன் ஒன்றைப் பிய்த்துக் குழிக்குள் வைத்தான். குழி அதை ஒரு நொடி வைத்திருந்தது. பிறகு நாவால் தள்ளியதுபோல அது உருண்டு வெளியே வந்து மணலில் விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது. அக்காவிடம் வாங்கிக்கொண்ட பட்டனை இவனிடம் அது வாங்கிக்கொள்ளவில்லை. பேனா மூடியை வைத்தான். அதுவும் விழுந்தது.

மூன்றாவது முறை குனிந்து பொறுக்கும்போது அவனுக்குப் புரிந்தது. இந்த முகத்தை அவனுக்குத் தெரியும். வகுப்பு வாசலில் முக்கால் மணி நேரம் நின்ற அவனுடைய முகமேதான். நேரத்தில் வைத்திருந்தால் பட்டனோடு போயிருக்கும். தவணை தாண்டி, வாயாடியும் விட்டவனிடம் பட்டனும் மூடியும் செல்லாது. குழியின் இடத்தில் இருந்திருந்தால் அவனுமே வாங்கியிருக்க மாட்டான்.

சட்டைப்பையிலிருந்து அறிமுகச் சீட்டை எடுத்தான். எண், கல்லின் பெயர், கிடைத்த இடம். நாலாவது வரியில் அவன் பெயர் அப்படியே இருந்தது, சற்றுப் பெரிய எழுத்தில். உலகத்தில் அந்தப் பெயர் மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான். ஒரு பெயரை இரண்டு இழுப்பறைகளில் வைக்க முடியாது என்பதும் அவனே போட்ட சட்டம். கண்ணாடிப் பெட்டி வாசலருகே, நல்ல வெளிச்சத்தில், நடுவில் இடத்தோடு காத்திருக்கிறது. பதினோரு வருடம். அவன் சீட்டை ஒருமுறை முழுக்கப் படித்தான். கையெழுத்து உண்மையிலேயே அழகாக இருந்தது.

பிறகு பேனாவை எடுத்து, ‘கண்டெடுத்தவர்’ என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே ‘எடுத்தவர்’ என்று எழுதி, தேதி போட்டான்.

சீட்டைச் சுருட்டிக் குழிக்குள் வைத்தான். அது விழவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தான், ஒருவரும் இல்லை. அந்தக் காது வடிவக் குழியின் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், ரகசியம் சொல்வதுபோல, ஆனால் வாய்விட்டு, சொன்னான்.

“எடுத்துட்டேன். வச்சுட்டேன்.”

மேடு முழுவதும் மெதுவாக, நீளமாக, ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. அவன் சட்டை குழிப் பக்கமாக ஒட்டிப் பறந்தது. அப்புறம், எங்கோ ரொம்ப உள்ளே, ‘டொக்’.

குழி இருந்த இடத்தில் வழவழவென்று களிமண் மட்டும் இருந்தது. கல் சங்கு அவன் காலடியில் கிடந்தது. அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். சீட்டு வைத்தாகிவிட்டது, எடுத்துப் போகலாம்.

“டேய் எருமை!”

கரைக்கு இறங்கும் படிக்கட்டின் உச்சியில் அக்கா நின்றிருந்தாள். ஒரு கையில் அவனுடைய செருப்பு, இன்னொரு கையில் கட்டம்போட்ட சட்டை. “பஸ்ஸை எவ்வளவு நேரம்டா அத்தான் பிடிச்சு வைப்பாரு? டிரைவர் அவரை அடிக்க வர்றான்! அது என்னடா, நீ போட்டிருக்குற சட்டையில ஒரு பட்டனைக் காணோம்? அங்க வெறுங்காலோட என்னதான் பண்ணிட்டிருக்க?”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கடல் காற்று, உப்பு அதிகம்.

“ஒண்ணும் இல்லைக்கா” என்றான். “சீட்டு வச்சேன்.”